பாட்டு இனிக்கிறது, பாடியவன் கசக்கிறானா?

"பாடல்கள் மிகவும் நன்றாக உள்ளன. வேலைநிறுத்தம், கூலித் தகராறு ஆகியவை பற்றிய பேச்சுப் பகுதிகளை நீக்கிவிட்டு, நாட்டுப்புற இசை நிகழ்ச்சியாகத் திருத்தித் தந்தால் ஒலிபரப்புவது பற்றி ஆலோசிக்கலாம்."

தோழர்களே! ஒரு வானொலி நிலையத்திலிருந்து எனக்கு வந்த விடை இது. நிலையத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எழுதியவரின் பெயரும் தேவையில்லை. அவர் கெட்டவர் அல்லர்; கனிவாகத்தான் எழுதியிருக்கிறார். கத்தியைப் பட்டுத் துணியில் சுற்றித் தருவோர் உண்டல்லவா, அத்தகைய கனிவு! பூ வேண்டுமாம், வேர் வேண்டாமாம். தேன் வேண்டுமாம், கொட்டும் ஈ வேண்டாமாம். பாட்டு இனிக்கிறதாம், பாடியவன் மட்டும் கசக்கிறானாம்!

நான் பள்ளி ஆசிரியன். குடியிருப்பது கடலூர், பாடம் சொல்லித் தருவது சிதம்பரம். சென்ற கோடை விடுமுறையில் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து நாற்பது நிமிட வானொலி உரைச்சித்திரம் ஒன்றை உருவாக்கினேன். கருவி, கைப்பேசி. செலவு, பேருந்துக் கட்டணம். ஒலிப்பதிவுக் கூடம், உழைப்பாளர் வீட்டுத் திண்ணை. தென்னார்க்காட்டு மண்ணில் உழைப்பவன் எப்படிச் சங்கம் கண்டான், சங்கம் காணும் முன் எப்படிப் பாடினான், சங்கம் கண்ட பின் என்ன பாடினான் என்பதே பொருள்.

கடலூர் முதுநகரில் ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி ஒருவரைக் கண்டோம். 1974-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் தொடங்கி 27-ஆம் நாள் வரை நடந்ததே, நாடெங்கும் ஏறத்தாழ 17 லட்சம் பேர் பங்குகொண்ட ரயில்வே வேலைநிறுத்தம், அதில் இருபத்திரண்டு வயது இளைஞராக நின்றவர். "பகலெல்லாம் சவுக்குத் தோப்புல ஒளிஞ்சு கெடப்போம் தம்பி. ராத்திரி ஆனா பாடுவோம். பசிய மறக்க வேற வழி?" என்றார். பாடியும் காட்டினார். தெருக்கூத்தில் கட்டியங்காரன் நுழையும்போது பாடுவதுபோன்ற மெட்டு. எஞ்சின் பேசுகிறது அந்தப் பாட்டில்: எனக்குக் கரி போட்டவன் வயிற்றுக்கு ஏதேனும் போட்டால் ஒழிய நான் நகர மாட்டேன் என்கிறது! பாடி முடித்துவிட்டு, அந்த இருபது நாட்களில் தம் வீட்டில் அடுப்பெரிந்த நாட்கள் எத்தனை என்று விரல் விட்டு எண்ணினார். ஒரு கை விரல்களே போதுமாயிருந்தன.

சிதம்பரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், நடவு நட்டே நாளைக் கழித்த ஆயா ஒருவர். அவர் பாடிய நடவுப் பாட்டு கேட்கக் கேட்கத் தெவிட்டாதது. பொருள் என்ன தெரியுமா? நெல்லை அளந்து வாங்கும்போது ஆண்டை வீட்டு மரக்கால் பெரிதாயிருக்கும். கூலி அளந்து கொடுக்கும்போது அதே மரக்கால் சிறிதாகிவிடும். இது என்ன மாயம் என்று கேட்கிறது பாட்டு. "காரியக்காரரு வரப்புல வந்தா 'மரக்கா'ன்ற சொல்ல 'மரிக்கொழுந்து'ன்னு மாத்திப் பாடுவோம். அவரு அந்தாண்ட போனதும் மறுபடியும் மரக்கா!" என்று சொல்லிச் சிரித்தார் ஆயா.

எண்ணிப் பாருங்கள்! அன்று வரப்பில் காரியக்காரர் நின்றார்; ஆயா சொல்லை மாற்றினார். இன்று காரியக்காரரின் வேலையை வானொலி நிலையத்தின் விடைக் கடிதம் செய்கிறது: மரிக்கொழுந்து இருக்கட்டும், மரக்காலை எடுத்துவிடு!

இது ஒரு நிலையத்தின் குற்றமன்று. ஓர் அலுவலரின் குணமுமன்று. இந்நாட்டு வானொலி பிறந்த நாள் முதல் வளர்த்துவந்த பழக்கம் இது. வரலாற்றைப் புரட்டுவோம்.

சென்னையில் 1938-இலும், திருச்சியில் 1939-இலும் அகில இந்திய வானொலியின் நிலையங்கள் தொடங்கின. அடுத்த ஆண்டே, 1940-இல், ஆர்மோனியத்திற்குத் தடை விழுந்தது. காரணம்? அந்தப் பெட்டியில் சுரங்கள் வெட்டுண்டு நிற்கின்றனவாம், கமகம் பேசாதாம், இந்திய இசையின் நுட்பத்தைக் கெடுக்குமாம். இசை வல்லுநர்கள் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், தோழர்களே, அந்தப் பெட்டியை யார் வைத்திருந்தார்கள்? அரசவை வித்துவானா? அக்கிரகாரத்து பாகவதரா? தெருவோரத்தில் நாடகம் போட்டவன் வைத்திருந்தான்; திருவிழாவில் கூத்தாடியவன் வைத்திருந்தான்; மண்ணெண்ணெய் விளக்கொளியில் சீர்திருத்தம் பேசியவன் வைத்திருந்தான்; ஆலை வாசலில் கூட்டம் சேர்க்கப் பாடியவன் வைத்திருந்தான். நான்கு பேர் தூக்க வேண்டாத, நாள்தோறும் சுருதி கூட்ட வேண்டாத, ஏழை தோளில் சுமந்துசெல்லக்கூடிய இசைக் கருவி அது. சுருதி சுத்தம் பேசி அதை வெளியே நிறுத்தினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் விழுந்த தடை, வெள்ளைக்காரன் போன பிறகும் விலகவில்லை, 1971-இல்தான் தளர்ந்தது. முப்பத்தோராண்டுகள்! ஒரு தலைமுறை முழுவதும் தன் மேடைக் கருவியின் ஒலியைத் தன் வானொலியில் கேட்கவில்லை.

அடுத்து, திரைப்பாட்டின் கதை. 1952-இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான கேசுகர், திரைப்பாடல்கள் மலிவானவை என்று கருதிக் குறைத்தார். மக்கள் என்ன செய்தனர்? வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்துக்கொண்டனர். 1957-இல் விவித பாரதியைத் தொடங்கித்தான் நேயர்களை மீட்க வேண்டியதாயிற்று. 'மலிவான' அந்தத் திரைப்பாட்டுக்குள்ளேதான் அப்போது பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம், 29 ஆண்டுகளே வாழ்ந்து 1959-இல் மறைந்த அந்த உழவர் வீட்டுக் கவிஞர், காடு வெளைந்தவனுக்குக் கையளவு கிடைக்காத கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் பாட்டெழுத, எம். பி. சீனிவாசன் இசையமைக்க, 1960-இல் வந்தது 'பாதை தெரியுது பார்' என்ற படம். உழைப்பாளர் வாழ்வை நடுவில் நிறுத்திய படம். உழைப்பவனின் குரல் நேர்வாசல் வழியே வானொலிக்குள் நுழைந்ததில்லை; திரைப்பாட்டின் தோளேறிச் சாளரத்தின் வழியேதான் நுழைந்தது. அந்தச் சாளரத்துக்கும் தாழ் போடப் பார்த்தார்கள்!

"அப்படியானால் உழைப்பவனின் பாட்டை வானொலி ஒலிபரப்பியதே இல்லையா?" என்று கேட்பீர்கள். ஒலிபரப்பியது. அது ஒரு வேடிக்கையான கதை. கேளுங்கள்.

சிதம்பரத்தில் பாடம் நடத்துபவன் நந்தனைப் பற்றிப் பேசாமலிருக்க முடியுமா? பெரியபுராணத்து நந்தனுக்கு ஆண்டை கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரத்தில்தான் வேதியர் என்ற ஆண்டை வருகிறார். நந்தன் அவரிடம் என்ன கேட்கிறான்? பொன்னா? பூமியா? விடுப்பு! ஒரு நாள் விடுப்பு! சிதம்பரம் போய்வர ஒரு நாள்! ஆண்டை என்ன சொல்கிறார்? வயல் வேலை முழுவதையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். முடிக்க முடியாத வேலையைக் கொடுத்துவிட்டு, முடித்தால் போகலாம் என்று சொல்வதை இன்றைய தொழிற்சாலை மொழியில் என்னவென்று சொல்வார்கள் என்பதை உங்களில் ஆலைக்குப் போகிறவர்கள் அறிவீர்கள்.

அந்தக் கதையில் இறைவன் வந்து ஒரே இரவில் வேலையை முடித்துக் கொடுக்கிறார். நமக்கு அந்த இறைவனைத் தெரியாது. எட்டு மணி நேர வேலையையும் வார விடுமுறையையும் வாங்கித் தந்த சங்கத்தைத்தான் தெரியும்! ஆனால் பாடல்களைக் கேளுங்கள்: பண்ணையாள் ஒருவன் தன் ஆண்டையின் முன் நின்று வைக்கும் விண்ணப்பம் அது. இசைத்தட்டிலும் வானொலியிலும் கச்சேரி மேடையிலும் அந்தப் பாடல்கள் முழங்கின, பக்திப் பாடல் என்ற பெயரில்! விடுப்புக் கேட்டவனின் குரல் உருக்கமாக இருக்கிறது என்று கண்ணை மூடிக் கேட்டார்கள். விடுப்பு ஏன் மறுக்கப்பட்டது என்று கேட்கக் கண்ணைத் திறந்தார்களா? நந்தன் பெயரில் 1916-இல் இதே சிதம்பரத்தில் பள்ளி கண்ட சகசானந்தர் கேட்டார். வானொலி கேட்கவில்லை.

தமிழிசை இயக்கம் சிதம்பரத்தில்தான் ஊன்றி வளர்ந்தது. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்நாட்டில் தமிழில் பாடு என்று கேட்டோம், சரியான கேள்வி. அதே ஊரில் 2008-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள், சிற்றம்பல மேடையில் தமிழில் தேவாரம் பாட ஓதுவார் ஆறுமுகசாமி என்ற முதியவருக்கு அரசாணையும் காவல்துறையும் துணை வர வேண்டியிருந்ததே, அந்த நாட்டில் அது சரியான கேள்விதான். ஆனால் அடுத்த கேள்வியை நாம் கேட்டோமா? தமிழில் பாடு என்றோம். எந்தத் தமிழனின் பாட்டைப் பாடு என்று சொன்னோமா? ஏற்றம் இறைத்த தமிழனின் பாட்டு எங்கே? நாற்றங்காலில் நின்ற தமிழச்சியின் பாட்டு எங்கே? கொடி பிடித்த தமிழனின் பாட்டு எங்கே?

உழவர்களுக்கு வானொலி ஒன்றுமே செய்யவில்லையா? செய்தது. மறைக்க வேண்டாம். 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் வந்தபோது, திருச்சி வானொலி அதன் சிறப்பை எடுத்தோதி எடுத்தோதித் தஞ்சைத் தரணியெங்கும் பரப்பியது. உழவர்கள் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்தார்கள்! வானொலியின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஒரு குரல், ஒரு பெட்டி, ஊரே விதையை மாற்றிக்கொண்டது. விதை என்ன, உரம் என்ன, நீர் எப்போது, மருந்து எவ்வளவு என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தது வானொலி. அதை நட்டவளுக்குக் கூலி எவ்வளவு என்று சொல்லிற்றா? அதே தஞ்சை மாவட்டத்தில், அதே ஆண்டுகளில், விளைச்சல் பெருகுகிறதே, கூலி நெல்லும் கூட வேண்டாமா என்று கேட்டுச் சங்கத்தில் சேர்ந்தார்கள் உழவுத் தொழிலாளர்கள். 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து சாம்பலாயினர். ரேடியோ நெல்லின் வரலாற்றைச் சொல்லும் உரைச்சித்திரத்தில் வெண்மணிக்கு இடமுண்டா? அது அரசியல், இது வேளாண்மை என்று பிரித்துவிடுவார்கள். வயலில் அந்த வரப்பு இல்லை, நண்பர்களே; ஒலிபரப்பில்தான் இருக்கிறது.

நம் ஊரை ஒட்டிய இருப்புப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை வழியே திருச்சி செல்லும் அந்தப் பாதை பழைய தென்னிந்திய ரயில்வேயின் முதுகெலும்பு. 1928 சூலையில் ஆட்குறைப்பை எதிர்த்து அதன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1923-இல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடிய சிங்காரவேலர் அதற்குத் துணை நின்றார். 68 வயதில் சிறை புகுந்தார். 1946 செப்டம்பர் 5-ஆம் நாள் திருச்சிப் பொன்மலையில் ரயில்வே தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு, ஐவர் மாண்டனர். நாள்தோறும் அந்தப் பாதையில் வண்டியேறுகிறேன். வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று ஒலிபெருக்கி சொல்கிறது. இந்தப் பாதை யாருடைய குருதியில் நனைந்தது என்று எந்த ஒலிபெருக்கியும் சொல்வதில்லை.

வடக்கே போவோம். கடலூரிலிருந்து கூப்பிடு தொலைவில் புதுச்சேரி. 1936 சூலை 30-ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிகள் அங்கே ஆலைத் தொழிலாளர் 12 பேரைச் சுட்டுக் கொன்றன. அந்தப் போராட்டம்தான் புதுவைத் தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலை என்ற உரிமையை வாங்கித் தந்தது. மேற்கே போவோம். 1956-இல் நிறுவனமாகி, நாட்டுக்கே ஒளி தந்த நெய்வேலி. சுரங்கம் தோண்டியவர் யார், நிலம் தந்தவர் யார், இன்றும் ஒப்பந்தக் கூலியாய் நிற்பவர் யார்? 2020-இல் மே மாதம் ஒரு முறை, சூலை மாதம் ஒரு முறை அனல்மின் நிலையத்துக் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டனர். எங்கள் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் சிலரின் தந்தையர் அத்தகைய வேலைக்குத்தான் போகிறார்கள். 'எட்டு மணி நேர வேலை எப்படி வந்தது?' என்று வகுப்பில் கேட்டேன். 'அரசாங்கம் கொடுத்தது, சார்' என்றான் ஒரு பையன். அவன்மீது எனக்குச் சினமில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

சொல்லாததால் என்ன நட்டம் என்பீர்களா? 2023 ஏப்ரல் 21-ஆம் நாள், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலேயே நிறைவேறியது. சங்கங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. நல்லது நடந்தது. ஆனால் நம்மவர்களின் அவையிலேயே அது நுழைந்ததெப்படி? எட்டு மணி நேரம் என்பது எவரோ இட்ட பிச்சை என்ற எண்ணம் ஊரில் ஊறிக் கிடப்பதால்! பிச்சையாக வந்ததைத் திருப்பி எடுக்கலாம். குருதி கொடுத்து வாங்கியதை எடுக்க எவனுக்கும் கை நடுங்கும். தொழிற்சங்க வரலாற்றைக் காதில் போட வேண்டும் என்று நான் மன்றாடுவது பழம்பெருமைக்காக அல்ல; அந்த நடுக்கத்துக்காக.

வெளிநாட்டார் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 1957-இல் இங்கிலாந்தில் ஜான் ஆக்சன் என்ற ரயில் ஓட்டுநர், நீராவிக் குழாய் வெடித்து வண்டி கட்டுக்கடங்காமல் ஓடியபோது, குதித்துத் தப்பாமல் எஞ்சினிலேயே நின்று உயிர்விட்டார். மறு ஆண்டு, 1958 சூலையில், பி.பி.சி. வானொலியில் அவர் கதை ஒலித்தது. சார்லசு பார்க்கர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போனார். ஈவன் மக்கால் பாட்டுக் கட்டினார். பெகி சீகர் இசை கோத்தார். அதுவரை தொழிலாளி பேசுவதை எழுதிக்கொண்டு வந்து நடிகரைக் கொண்டு பேசச் செய்வது வழக்கம். இவர்கள் அந்த வழக்கத்தை உடைத்தார்கள். தொழிலாளியே பேசினான், தன் கொச்சையில், தன் மூச்சிரைப்போடு. பேச்சிலிருந்து பாட்டுப் பிறந்தது. பாட்டு மீண்டும் பேச்சில் போய்ச் சேர்ந்தது. மீனவர், சுரங்கத் தொழிலாளர், சாலை போட்டவர் என 1964 வரை எட்டு உரைச்சித்திரங்கள். பிறகு அங்கும் நிறுத்திவிட்டார்கள், பி.பி.சி.யும் நம் சம்பந்தி வீடல்லவே! ஆனால் இன்றும் உலகில் வானொலி உரைச்சித்திரம் கற்போர் முதலில் கேட்பது அந்த எட்டைத்தான்.

அதைவிட வியப்பு பொலிவியா. தென்னமெரிக்காவின் அந்த ஏழை நாட்டில், ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் 1940-களின் இறுதியிலிருந்து தாங்களே வானொலி நிலையம் நடத்தினார்கள். கூலியில் ஒரு பங்கை ஒதுக்கிக் கருவி வாங்கினார்கள். சங்கக் கூட்டம் அதில் ஒலித்தது, பாட்டு ஒலித்தது, காணாமற்போன ஆட்டுக்குட்டியின் அறிவிப்பும் ஒலித்தது. இராணுவம் பலமுறை அந்நிலையங்களைத் தாக்கிற்று. 1980-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, ஒவ்வொரு சுரங்க நிலையமும் மற்றதோடு கைகோத்து, வாயடைக்கப்படும் வரை உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. படிப்பறிவு குறைந்த சுரங்கத் தொழிலாளி செய்தான் அதை. நெய்வேலியில் செய்ய முடியாதா?

முடியாது, தோழர்களே! சட்டம் தடுக்கிறது. எப்படியென்று கேளுங்கள். 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: அலைவரிசை பொதுச்சொத்து, அரசுக்கும் தனியுரிமை இல்லை, தனியாருக்கும் தனியுரிமை இல்லை. அருமையான தீர்ப்பு! பிறகென்ன நடந்தது? பணம் படைத்த நிறுவனங்கள் ஏலம் எடுத்துப் பண்பலை நிலையங்கள் தொடங்கின. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் சமுதாய வானொலி கண்டது, 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அந்த வாய்ப்புக் கிட்டியது, மகிழ்ச்சி. ஆனால் அதே 2006 கொள்கையில், தகுதியற்றோர் பட்டியல் ஒன்று உண்டு. அரசியல் கட்சிகளும், அவற்றோடு இணைந்த மாணவர் அமைப்பு, மகளிர் அமைப்பு, தொழிற்சங்கம் ஆகியனவும் நிலையம் நடத்தக்கூடாது! நம் நாட்டில் பெரிய தொழிற்சங்கங்களில் கட்சித் தொடர்பில்லாதவை எத்தனை? ஆலை முதலாளி பண்பலை நடத்தலாம். அவன் எந்தக் கட்சிக்கு நன்கொடை தருகிறான் என்று அலைவரிசை கேட்காது. ஆலைத் தொழிலாளி மட்டும் கட்சிச் சார்பு அற்றவன் என்று சூடம் ஏற்றிச் சத்தியம் செய்ய வேண்டும்! பொதுச்சொத்தாம்! ஊர்ப் பொதுக் கிணறு என்று ஒன்று அந்தக் காலத்தில் இருந்ததே, அந்தப் பொது!

"தம்பி, கோபப்படாதே, வானொலி நடுநிலையாக இருக்க வேண்டாமா?" என்று பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். ஐயா, வேலைநிறுத்தத்தை விட்டுவிட்டு மெட்டை மட்டும் கொடு என்பது நடுநிலையா? தராசில் ஒரு தட்டைக் கழற்றிவிட்டு முள் அசையவில்லை பார் என்பதற்கு நடுநிலை என்று பெயரா? முதலாளியின் கதையையும் சொல்லட்டும், ஆலை எப்படி எழுந்தது என்று அவர் பேசட்டும், கேட்கிறோம். பக்கத்திலேயே, அந்த ஆலையின் புகையை உண்டவன் பேசட்டும் என்கிறோம்.

"யாரையா கேட்பார் இதையெல்லாம்?" என்பார் இன்னொருவர். முப்பத்தோராண்டுகள் ஆர்மோனியத்தைத் தடுத்தபோது மக்கள் கேட்க மாட்டார்கள் என்றா தடுத்தார்கள்? கேட்பார்கள் என்றல்லவா தடுத்தார்கள்!

இனி, நம்மைப் பார்த்து ஒரு சொல். சினம் கொள்ளாமல் கேளுங்கள்.

2023 மே மாதம், இனி 'ஆகாசவாணி' என்றே சொல்ல வேண்டும் என்று ஆணை வந்தபோது தமிழ்நாடு கொதித்தெழுந்தது. வானொலி என்ற வளமான சொல் இருக்க வடமொழி எதற்கு என்று கேட்டோம். கேட்டது முறை, நாளை மீண்டும் வந்தாலும் கேட்போம். ஆனால் பலகையில் எழுதும் பெயருக்காகப் போராடிய நாம், பெட்டிக்குள் ஒலிக்கும் பொருளுக்காக என்ன போராடினோம்? வீட்டு வாசலில் தமிழ்ப் பெயர். உள்ளே நமக்கு இடமில்லை. இதுவா வெற்றி?

வானொலிதான் பதிவு செய்யவில்லை, நாம் செய்தோமா? நம் மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துப் பாடியவர்கள் எத்தனை பேர்! கூட்டம் சேரும் வரை பாடிவிட்டுத் தலைவர் வந்ததும் இறங்கிவிட்டார்கள். தலைவரின் பேச்சு நூலாயிற்று. பாடியவரின் குரல் காற்றாயிற்று. சங்கக் கட்டடங்களில் தலைவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அந்தச் சங்கத்தின் முதல் ஊர்வலத்தில் என்ன பாட்டுப் பாடினார்கள் என்று கேட்டால் செயலாளருக்குத் தெரியவில்லை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட நாட்டில், நூறாண்டுத் தொழிற்சங்கப் பாட்டின் களஞ்சியம் நம் கையில் இருக்கிறதா? 1974-இல் இருபது வயதில் நின்றவர்களுக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. குரல் காத்திருக்காது, தோழர்களே!

ஆகவே என் வேண்டுகோள் இது. ஊருக்கு ஒரு படிப்பகம் வைத்திருக்கிறோம். ஊருக்கு ஓர் ஒலிப்பகம் வைப்போம். கைப்பேசி இல்லாத இளைஞர் யார்? ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு முதியவர் வீட்டுத் திண்ணைக்குப் போவோம். பாட்டைக் கேட்போம், பாட்டோடு நிறுத்தாமல், எந்த வேலையின்போது பாடினீர்கள், கூலி என்ன, யார் தடுத்தார், எந்தச் சொல்லை மாற்றினீர்கள் என்று கேட்போம். நாள், ஊர், தொழில் எழுதி வைப்போம். பெயரைச் சொல்ல அஞ்சுகிறவர் பெயரை வெளியிடாமல் காப்போம். மே நாளன்று ஒரு மணி நேரம் தொழிலாளர் வரலாற்றுக்குக் கொடு என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் விண்ணப்பிப்போம். ஒருவர் அல்ல, ஆயிரம் பேர் விண்ணப்பிப்போம். தொழிற்சங்கத்தைத் தகுதியற்றோர் பட்டியலிலிருந்து நீக்கு என்று நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்போம். ஆலையுள்ள ஊரில் ஆலைத் தொழிலாளியின் அலைவரிசை ஒன்று ஒலிக்கும் வரை கேட்போம்.

எங்கள் உரைச்சித்திரம் என்னவாயிற்று என்று அறிய விரும்புவீர்கள். "எப்ப தம்பி போடுவாங்க?" என்று முதுநகர்ப் பெரியவர் இருமுறை கேட்டுவிட்டார். மூன்றாம் முறை கேட்பதற்குள், ஒரு சனிக்கிழமை இரவு, அவர் வீட்டருகே தேநீர்க் கடை வாசலில் ஒலிபெருக்கி கட்டி நாற்பது நிமிடத்தையும் ஒலிக்கச் செய்தோம். முப்பது பேர் வந்தனர். முடியும்போது எழுபது பேர் இருந்தனர். நடவுப் பாட்டு ஆயாவையும் அழைத்து வந்திருந்தோம். மரக்கால் என்ற சொல் ஒலிபெருக்கியில் முழங்கியபோது, அவர் திரும்பித் தெருக்கோடியைப் பார்த்தார். பழைய பழக்கம்! அங்கே காரியக்காரர் இல்லை. ஆயா சிரித்துவிட்டார்.

வானொலி நிலையத்துக்கு நான் எழுதிய விடை ஒரே வரி: மரக்காலை எடுத்தால் பாட்டு இல்லை; எடுக்க மாட்டேன்.